துணித் தோடு போட்ட காது ஏன் கடிக்கிறது?

திருகோணமலையில் துணி நகை செய்யும் பெண்கள் இப்போது நிறையப் பேர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பயணிகள் வருகிற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் தோடும் மாலையும் நன்றாக ஓடும். மற்ற மாதங்களில் தைப்பொங்கல், பெருநாள், தீபாவளி, கல்யாண வீடு என்று உள்ளூர் ஓடர்கள் வரும். நானும் இதே தொழிலில் இருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பழக்கியும் விடுகிறேன். பழக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் துணியைப் பற்றியும் டிசைனைப் பற்றியும்தான். ஆனால் வாங்கியவர்கள் திரும்பி வந்து சொல்லும் குறை அநேகமாகத் துணியில் இருப்பதில்லை. கொளுக்கியில், பசையில், சாயத்தில் இருக்கிறது. நாங்கள் காசு மிச்சம் பிடிக்கிற இடங்களே அவைதான்.

முதலில் கொளுக்கி. "அக்கா, இந்தத் தோட்டைப் போட்டால் காது கடிக்குது" என்று யாராவது சொன்னால், "உங்களுக்குத் தங்கம்தான் ஒத்துக்கொள்ளும் போல" என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். அது சரியில்லை. மலிவாகக் கிடைக்கும் கொளுக்கி பெரும்பாலும் பித்தளைக்கோ இரும்புக்கோ நிக்கல் பூசி, அதன்மேல் பொன்னிறமோ வெள்ளி நிறமோ மெல்லிசாக ஏற்றியது. எங்கள் ஊர் வெயிலில் வேர்வைக்குக் குறைவே இல்லை. வேர்வையில் உள்ள உப்பு அந்தப் பூச்சை அரித்து நிக்கலைச் சிறிது சிறிதாகக் கசிய விடும். சிலருடைய தோலுக்கு அது ஆகாது: முதலில் அரிப்பு, பிறகு சிவப்பு, பிறகு நீர் கசிதல்.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது, நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும் என்பதுதான். காதில் தொடங்கியது பிறகு மணிக்கூட்டின் பின்பக்கம் படும் மணிக்கட்டிலும், ஜீன்ஸ் பட்டன் உரசும் வயிற்றிலும் வரும். புதிதாகக் காது குத்திய பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த ஒரு தோடு அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு தொல்லையைத் தொடங்கி வைக்கலாம். அதனால் துளை ஆறாத காதுக்கு நான் துணித் தோடு விற்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே உண்டு. துளைக்குள் போகும் பகுதியிலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. தோலில் நீண்ட நேரம் படும் மற்றப் பகுதிகளுக்கு 0.5. கடற்கரைக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இதில் நிக்கல் இருக்கிறதா?" என்று கேட்டால், அவர் பேரம் பேச வழி தேடவில்லை. அவருக்கு நேர்மையான பதில் வேண்டும்.

சரி, எதைப் போடுவது? 925 வெள்ளிக் கொளுக்கி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) நல்லது, டைட்டேனியம் அதைவிட நல்லது. இரண்டும் விலை. நடுவில் இருப்பது 316எல் என்று குறிப்பிட்டு விற்கும் சேர்ஜிக்கல் ஸ்டீல். அதற்குள்ளும் நிக்கல் உண்டு, ஆனால் உலோகத்தோடு இறுகிக் கிடப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும். ஆகவே ஸ்டீல் கொளுக்கி போட்டுவிட்டு அட்டையில் "நிக்கல் இல்லை" என்று எழுதாதீர்கள்; "சேர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் எழுதுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் தனக்கு எது சரி என்று அதைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்வார். கொளுக்கியில் நிறமில்லாத நகப்பூச்சைப் பூசிச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உரசி உரசிச் சீக்கிரமே போய்விடும், நம்ப முடியாது. மொத்தமாக வாங்குகிறவர்கள் நிக்கல் சோதனைத் திரவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பஞ்சுக் குச்சியில் நனைத்துக் கொளுக்கியில் தேய்க்கும்போது இளஞ்சிவப்பாக மாறினால் அந்தப் பக்கெற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பசை. சுப்பர் குளூவைத் துணியில் ஊற்றுவது ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. பருத்தித் துணியிலோ பஞ்சிலோ அது பட்டால் திடீரென்று சூடேறும், புகை வரும், விரல் வெந்துவிடும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அதைக் கையாளுவது வெறுங்கையை விட மோசம். காய்ந்த பிறகும் துணியில் வெள்ளையாகப் பூத்து, கண்ணாடி மாதிரி உடையும். குளூ கன் வேலைக்குச் சுகம், ஆனால் அந்தப் பசை சூட்டில் இளகும். நடுப்பகலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் விட்டுப்போன தோடு, மாலையில் முன்பக்கம் வேறு பின்பக்கம் வேறாகக் கிடக்கும். துணிக்கென்று விற்கும் பசையைப் பாவியுங்கள். அதோடு ஓரத்தைச் சுற்றி ஒரு வரி கைத்தையல் போடுங்கள். தையல் இருந்தால் பசை தோற்றாலும் நகை தோற்காது. உள்ளே காட்போட் மட்டை வைப்பதையும் விட்டுவிடுங்கள். வேர்வை பட்டு ஊதிவிடும். சட்டைக் கொலருக்கு வைக்கும் பக்ரம் இரண்டு மடிப்பு போதும்.

கடற்காற்று எங்களுக்கே உரிய இன்னொரு தலைவலி. இரும்பு வளையம் சில கிழமைகளிலேயே துருப்பிடித்து, துணியில் காவி நிறத்தில் கறை விடும். மாரி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். செய்து வைத்த நகைகளை மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

துணிக்கு வருவோம். இங்கே எங்களுக்கு ஒரு வரம் இருக்கிறது. மருதமுனைக் கைத்தறி எங்கள் மாகாணத்திலேயே நெய்யப்படுகிறது. அதன் கரைகளும் கோடுகளும் சின்ன வட்டத்துக்குள் வெட்டி வைத்தாலே டிசைன் ஆகிவிடும், மேலே மணி கோக்கத் தேவையில்லை. தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளும் நல்ல பொருள். ஆனால் என்ன துணி என்று தெரியாமல் "கொட்டன்" என்று சொல்லி விற்காதீர்கள். நூலொன்றை உருவி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள்: பருத்தி எரிந்த கடதாசி மணத்தோடு மெல்லிய சாம்பலாகும், பட்டு கருகிய தலைமயிர் போல மணக்கும், பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும்.

சாயம் போகிறதா என்று பார்க்க ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும். போனால் அந்தத் துணியைத் தோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், கழுத்து மாலைக்கு வேண்டாம். வெள்ளைச் சட்டையின் கழுத்தில் சிவப்பு ஏறிவிட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார். வினாகிரியில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பருத்திச் சாயத்துக்கு வினாகிரி ஒன்றும் செய்யாது. சாயம் மிச்சமாக நிற்கும் துணியை வெட்டுவதற்கு முன்பே தண்ணீர் தெளியும் வரை அலசுவதுதான் வழி. அப்படி அலசும்போது துணி சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும்.

இவ்வளவும் சொன்னால், "அக்கா, நல்ல கொளுக்கி போட்டால் செலவுக்குக் கட்டாதே" என்பார்கள். உண்மையில் கட்டாமல் போவது கொளுக்கியால் இல்லை. விலை போடும்போது எங்கள் கைக்கூலியை நாங்களே சேர்ப்பதில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே செய்கிறேன்" என்று சொல்கிற ஒவ்வொருவரையும் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை. சமையல், பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாம் பார்த்து முடித்து, இரவில் கண் வலிக்கத் தைக்கும் நேரத்துக்குக் காசு கிடையாதா?

ஒரு கணக்கைப் பாருங்கள். நல்ல கொளுக்கியோடு சாமான் 185 ரூபா, அட்டையும் பையும் 40. ஒன்றரை மணித்தியால வேலை, மணிக்கு 250 என்று வைத்தால் 375. மொத்தம் 600. கரண்ட், பஸ் செலவு, பழுதாகிப் போகும் துண்டுகளுக்கு 60. ஆக 660 ரூபா. நேரடியாக விற்றால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

இப்போது ஒரு ஹோட்டல் கடை, விற்ற பிறகு 30 சதவீதம் கழித்துக்கொண்டு தருவதாகச் சொல்கிறது. பலர் 660 உடன் 30 சதவீதம் கூட்டி 858 என்று போட்டுவிடுவார்கள். கடை கழிப்பது 858 இல் 30 சதவீதம், அதாவது 257 ரூபா. கையில் வருவது 601. கரண்டுக்கும் பஸ்ஸுக்கும் என்று வைத்த 60 ரூபா போயே போச்சு. 660 ஐ 0.7 ஆல் வகுக்க வேண்டும். 943 வரும், 950 என்று போடுங்கள். அதே பொருளை உங்கள் பேஸ்புக் பக்கத்தில் 660 க்குப் போடாதீர்கள்; கடைக்காரர் கண்டால் அடுத்த நாளே உங்கள் தட்டை எடுத்துவிடுவார். எல்லா இடத்திலும் ஒரே விலை இருக்கட்டும்.

கணக்கை வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் போடுங்கள். 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 க்கு ஏறியபோது, கொளுக்கி, மணி, பசை என்று வெளிநாட்டிலிருந்து வருகிற அத்தனையும் கூடவே ஏறின. பழைய விலையை மாற்றக் கூச்சப்பட்டவர்கள் விற்ற ஒவ்வொன்றிலும் நட்டப்பட்டார்கள்.

கூரியரில் "பொருள் கிடைத்ததும் காசு" முறையில் அனுப்புவதில் கவனம் தேவை. வாங்காமல் திருப்பி அனுப்பினால் செலவு உங்கள் தலையில். பெயர் எழுதியது, சேலைக்குப் பொருத்தியது போன்ற ஓடர்களுக்குப் பாதிக் காசு முன்கூட்டியே வாங்குங்கள்.

பயணிகள் சிலர் "பவளம் வைத்துச் செய்து தருவீர்களா?" என்று கேட்பார்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு 2003 இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளப் பாறைத் துண்டு ஒன்றைக்கூட எடுத்து வரக் கூடாது. கரையில் ஒதுங்கியது என்று சொல்லி யாராவது கொண்டு வந்து தந்தாலும் வாங்காதீர்கள். ஆமை ஓடும் அப்படித்தான். அந்தப் பாறைகளையும் மீன்களையும் பார்க்கத்தான் இந்தப் பயணிகள் இங்கே வருகிறார்கள்.

தொடங்குவதற்குக் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். நுண்கடனில் பெண்கள் எந்த அளவுக்கு மாட்டிக்கொண்டார்கள் என்பதற்கு, 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததே சாட்சி. இந்தத் தொழிலுக்குக் கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி, நூல், கொஞ்சம் கொளுக்கி போதும். முதல் பத்து சோடி விற்ற காசில் அடுத்த இருபதுக்குச் சாமான் வாங்கலாம். ஓடர்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். ஹோட்டல்களும் கண்காட்சி நடத்துகிறவர்களும் அந்தப் பத்திரத்தைக் கேட்பார்கள், வங்கியில் தொழில் கணக்குத் திறக்கவும் அது வேண்டும்.

ஒவ்வொரு சோடியோடும் போகும் அட்டையில் நான்கு வரி எழுதுங்கள்: துணி என்ன, கொளுக்கி என்ன உலோகம், தண்ணீர் படாமலும் சென்ற் அடித்துக் காய்ந்த பிறகும் போட வேண்டும், கொளுக்கி பழுதானால் மாற்றித் தரப்படும். கடைசி வரியை எழுதப் பலர் தயங்குவார்கள். கொளுக்கி மாற்ற இடுக்கியும் இரண்டு நிமிடமும்தான் வேண்டும், அந்தச் செலவையும் மேலே சொன்ன 60 ரூபாவுக்குள் அடக்கிவிடலாம்.