முகாமில் பிறந்த பிள்ளைக்கு எந்தத் தேதி எதைத் தீர்மானிக்கிறது?

தர்மபுரி மாவட்டத்தில் தொப்பையாறு அணை, நாகாவதி அணை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை. இங்கெல்லாம் இலங்கைத் தமிழர் முகாமின் பெயரே அணையின் பெயர்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அந்தச் சொல் மாறியது நல்லது. பள்ளியில் பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தது போதும். ஆனால் பெயர் மாறியதால் குடியுரிமை கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. சட்டத்தின் கணக்கில் முகாமில் இருப்பவர் இன்னமும் வெளிநாட்டவர்தான், சிலரைத் தவிர. அந்தச் சிலர் யார் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் முகாம்வாசியின் வாழ்க்கை இரண்டு தனித்தனி மேசைகளில் ஓடுகிறது. பணக்கொடை (மாதாந்திர உதவித்தொகை), அரிசி, வீடு எல்லாம் மாநில அரசு ஆணைகளின்படி கலெக்டர் அலுவலகம் வழியாக வருகின்றன. குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் மத்திய அரசின் கையில். இவற்றுக்கு வெளியே, பதிவும் கண்காணிப்பும் தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு போலீஸ் வேலை. முதல் மேசையில் வாங்கிய அட்டையை இரண்டாவது மேசையில் நீட்டினால் செல்லாது. முகாம் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக் மூன்றும் கையில் இருந்தாலும் அவை குடியுரிமைக்குச் சான்று ஆகாது.

குடியுரிமையைத் தீர்மானிப்பது பிறந்த தேதி. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மூன்று காலங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய், தந்தையில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதில் முதல் காலத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு 1984, 85, 86இல் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி ஆகிறது. முகாம் பதிவேட்டில் ‘இலங்கையர்’ என்று எழுதியிருப்பதால் தாங்களும் இலங்கையரே என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நீதிமன்றம் அங்கே புதிதாக எதையும் கொடுக்கவில்லை. சட்டத்தில் இருந்ததைத்தான் எடுத்துச் சொன்னது.

இந்த உரிமையைக் கேட்க ஒரே ஒரு காகிதம் வேண்டும்: பிறப்புச் சான்றிதழ். அது பிறந்த ஊரில்தான் கிடைக்கும், இப்போது குடியிருக்கும் ஊரில் கிடைக்காது. மண்டபத்தில் பிறந்து இன்று தொப்பையாறு முகாமில் இருப்பவர் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் தேட வேண்டும். அங்கே பதிவே இல்லை என்றால், முதலில் ‘பதிவு இல்லை’ என்று சான்று வாங்கி, அதை வைத்து அந்தப் பகுதிக் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுப் போட வேண்டும். பள்ளிச் சான்று, பழைய முகாம் குடும்ப அட்டை, தாயின் மருத்துவமனைச் சீட்டு, எது இருந்தாலும் இணைக்கலாம். பழைய குடும்ப அட்டையை மட்டும் கிழித்தெறியாதீர்கள். 1980களின் தேதியோடு அரசு முத்திரை விழுந்த காகிதம் பல குடும்பங்களில் அது ஒன்றுதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு வருவோம். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகம் தர்மபுரி மாவட்டத்தில் தர்மபுரியிலும் அரூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இருக்கிறது. பிரசவச் சிக்கலில் சேலத்துக்கு அனுப்பப்பட்டுக் குழந்தை அங்கே பிறந்தால் பதிவு சேலத்தில்தான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றையே ஏற்பது என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில். இலங்கைப் பத்திரங்களில் தந்தை பெயர் முழுதாக முன்னால் இருக்கும். இங்கே மருத்துவமனையில் ஓர் இன்ஷியலோடு முடித்துவிடுவார்கள். ‘இராசேந்திரம்’ என்பது ‘ராஜேந்திரன்’ ஆகிவிடும். பத்து வருடம் கழித்து இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, முகாம் பதிவேட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அப்படியே பதியச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்ததும் நகலை முகாம் தனி வருவாய் ஆய்வாளரிடம் கொடுத்துக் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும். பெயர் ஏறும்வரை அந்தக் குழந்தைக்குப் பணக்கொடை வராது.

பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால் இன்னொரு பதிவும் உண்டு. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்குவது. இங்கேயே வாழ்ந்துவிடுவது என்று முடிவெடுத்தவர்கள் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் இரு பக்கமும் பதியாத பிள்ளை, எந்த நாட்டுக் காகிதமும் இல்லாத பிள்ளையாக வளரும். அதைவிட மோசமான நிலை எதுவும் இல்லை. இலங்கைச் சட்டம் ஓராண்டுக்குள் பதியச் சொல்கிறது. தாமதமானால் தனி அனுமதி தேவைப்படும்.

அடுத்த தேதி 2015 ஜனவரி 9. பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அது. ஆனால் 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு மத்திய அரசின் விலக்கு ஆணை இருக்கிறது. இந்த விலக்கில் ‘பதிவு பெற்ற’ என்ற சொல்தான் உயிர். அந்தத் தேதிக்கு முன்பே வந்திருந்தும் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி பக்கம் வந்து இறங்கியவர்களும் இதில் வரமாட்டார்கள். விலக்கு என்பது தண்டனையிலிருந்துதான். அது குடியுரிமை ஆகாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே சொல்கிறது, இலங்கையைச் சேர்க்கவில்லை.

அதனால்தான் தணிக்கை நாள், அதாவது பதிவேட்டில் உள்ளவர்கள் முகாமில் இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் நாள், முக்கியம். பெயிண்டிங் வேலைக்கு ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டுத் தணிக்கையன்று இல்லாமல் போனால் முதலில் பணக்கொடை நிற்கும். தொடர்ந்து வராவிட்டால் பெயரே நீக்கப்படும். நீக்கிய பெயரை மறுபடி ஏற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும். வெளியூர் போகுமுன் எந்தத் தேதியில் தணிக்கை என்று கேட்டு, போகும் ஊர், வேலை, திரும்பும் நாள் எழுதி அனுமதி வாங்குங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். முகாமுக்கு வெளியே குடியிருக்கும் ‘வெளிப்பதிவு’ குடும்பங்கள் வீடு மாறினால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புது முகவரியைப் பதிய வேண்டும். அவர்களுக்குப் பணக்கொடை கிடையாது, ஆனால் பதிவின் கட்டாயம் அதேதான்.

பணக்கொடை 2021இல் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவருக்கு 1,000, சிறுவருக்கு 500 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500. முன்பு இதே குடும்பத்துக்கு 2,550. அரிசி முழுதும் இலவசம். ஆண்டுக்கு 5 சிலிண்டருக்கு, ஒன்றுக்கு 400 ரூபாய் மானியம்.

கடைசியாக, தரகர்கள். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்குபவர்கள் விண்ணப்பத்தில் ‘இந்தியர்’ என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். மாட்டுவது கையெழுத்திட்டவர். வாக்காளர் பட்டியலுக்குப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. தான் எந்த நாட்டவர் என்பதை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தால் 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கூட, பெற்றோர் இலங்கையர் என்பதை மறைக்காமல் எழுதியே விண்ணப்பிக்க வேண்டும். உரிமை அவருக்கு இருக்கும்போது பொய் எதற்கு?

மறுப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து வழக்குப் போடுவது கடினம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கு இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தொலைபேசி எண் 15100. போகும்போது குடும்ப அட்டை, முதல் பதிவுத் தேதி உள்ள பக்கம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இவற்றின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.