சேர்ந்து வேலை செய்ய எங்கே கற்றுக்கொடுக்கிறோம்?

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரை முதல் வாரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நரம்பியல் மருத்துவர், வார்டு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், டயட்டீஷியன், மருந்தாளுநர். பெரிய மருத்துவமனை என்றால் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் சமூகப் பணியாளரும்கூட உண்டு. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவிக்குக் கிடைப்பது என்ன? காலையில் ஒருவர் "உட்கார வையுங்கள்" என்கிறார், மதியம் இன்னொருவர் "பி.பி. ஏறியிருக்கிறது, அசைக்காதீர்கள்" என்கிறார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் வேறொருவர் மாத்திரையை நீட்டுகிறார். யார் பேச்சைக் கேட்பது?

நான் பிசியோதெரபி ஆசிரியர். சென்னையில் பல துறை மாணவர்களை ஒன்றாக உட்கார வைத்து வகுப்பு எடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. இந்தக் குழப்பத்தின் வேர் கல்லூரியிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாம் வருகின்றன. நகரின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இவை ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. ஆனால் பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பவர்கள் வேறு வேறு. மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், நர்சிங்குக்கும் பார்மசிக்கும் தனித்தனி அமைப்புகள், பிசியோதெரபி, டயட்டீஷியன் போன்ற துறைகளுக்கு 2021-இல் வந்த சட்டத்தின்படி இன்னொரு ஆணையம். ஒரே நோயைப் பற்றி நான்கு கட்டடங்களில் நான்கு வகுப்புகள் நடக்கும். கேன்டீனிலும் துறைவாரியாகத்தான் மேஜை பிரியும். அதை எந்த ஆணையமும் சொல்லவில்லை, தானாக நடக்கிறது.

2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, சுகாதாரக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. தலைவராக இருப்பதை யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, சீனியர்களைப் பார்த்தே வந்துவிடும். உறுப்பினராக இருப்பதற்குத்தான் வகுப்பு தேவை.

பல துறை மாணவர்கள் சேர்ந்து கற்பதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1988-லேயே அறிக்கை வெளியிட்டது. 2010-இல் விரிவான செயல்திட்டமும் தந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறையில் பல இடங்களில் இது எப்படி முடிகிறது தெரியுமா? ஆடிட்டோரியத்தில் முந்நூறு பேர், ஒரு சிறப்புரை, சமோசா, குரூப் போட்டோ, சான்றிதழ். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எந்தத் துறை என்றுகூடத் தெரியாமல் கலைந்துவிடுவார்கள்.

யாரும் தனியாகத் தீர்க்க முடியாத ஒரு பிரச்சினையைக் கொடுத்தால்தான் பேச ஆரம்பிப்பார்கள். நாங்கள் ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு நோயாளியின் விவரத்தைத் தாளில் கொடுக்கிறோம். கற்பனை ஆள்தான், ஆனால் சென்னைக்காரர். வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுபவர், 58 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, மூக்கு ட்யூப்போடு நாளை டிஸ்சார்ஜ் ஆகிறார். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி அதிகாலையில் பூ வாங்கப் போய்விடுவார். நாளைக்கான திட்டத்தைக் குழுவாக எழுதுங்கள், அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடம் எம்.பி.பி.எஸ். மாணவர் மருந்துப் பட்டியலை எழுதுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மருந்தாளுநர் படிப்பான பார்ம்.டி. படிக்கும் மாணவி பட்டியலை எட்டிப் பார்த்துக் கேட்கும்போதுதான் சூடு பிடிக்கும்: "இந்த மாத்திரையை நசுக்கி ட்யூப்பில் போடக் கூடாதே?" மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரைகளை நசுக்கினால், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். மருந்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது வீட்டில் எப்படி உள்ளே போகப்போகிறது என்ற யோசனை வந்திருக்காது. உடனே நர்சிங் மாணவி, "மனைவி பூக்கடையில் இருக்கும் நேரத்தில் ட்யூப்பில் ஊட்டுவது யார்?" என்பார். ஸ்பீச் தெரபி மாணவர், கொஞ்சம் தேறியதும் நம் வீடுகளில் முதலில் தண்ணீரைத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைவுபடுத்துவார். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களுக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போகும். கஞ்சி எவ்வளவு கெட்டி, சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவு என்பது டயட்டீஷியன் மாணவியின் பொறுப்பு. எங்கள் பிசியோ பிள்ளைகள் மாடிப்படியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால், பயிற்சிக்கு அவரை யார் தினமும் கீழே இறக்குவது? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள் என்பதைச் சமூகப் பணி மாணவர் சொன்ன பிறகுதான் திட்டத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும்.

முதலாம் ஆண்டிலேயே இதைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அறிமுகத்துக்கு ஒரு சந்திப்பு வைக்கலாம், தவறில்லை. ஆனால் வார்டு போஸ்டிங் பார்க்காத மாணவரிடம் தன் துறை சார்ந்து சொல்வதற்கு எதுவும் இருக்காது.

அடுத்தது, தனக்கு மேலே இருப்பவரிடம் பேசுவது. நம் ஊரில் கஷ்டமே இங்கேதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது, எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படிகள். இரவு 2 மணி, ஆக்சிஜன் 96-லிருந்து 88-க்கு இறங்கிவிட்டது, நோயாளி இருமுகிறார், டியூட்டி டாக்டரை போனில் கூப்பிடுங்கள் என்போம். நர்சிங் மாணவிகள் முதல் இரண்டு படிகளை மணிமணியாகச் சொல்வார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நான்காவதற்கு "நீங்களே சொல்லுங்க சார்" என்று நிறுத்திவிடுவார்கள். "உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன், இப்போதே வந்து பாருங்கள்" என்று சொல்ல வைப்பதற்குப் பல தடவை பழக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் வேடத்தை மாற்றிவிடுவோம். எம்.பி.பி.எஸ். மாணவர் நர்ஸாகி போன் செய்வார், நர்சிங் மாணவி தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழும் டாக்டராவார். அந்த எரிச்சலை அவர்கள் அச்சு அசலாக நடித்துக் காட்டுவார்கள். எங்கே கற்றீர்கள் என்று நான் கேட்பதில்லை. ஆனால் போனின் இந்தப் பக்கம் நின்று பார்த்த மருத்துவ மாணவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சியில் பலன் அதிகம்.

இதெல்லாம் மென்மையான விஷயம், பாடத்துக்கே நேரமில்லை என்பவர்களிடம் நான் சொல்வது அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்தது. புது தில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. கத்தி வைப்பதற்கு முன்னால் தியேட்டரில் உள்ள எல்லோரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்வது அந்தப் பட்டியலில் உள்ள படிகளில் ஒன்று. எண்கள் குறைந்ததற்கு அந்த ஒரு படியே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள் என்று எழுதி வைக்கும் அளவுக்கு அதை முக்கியமாக நினைத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் இல்லையென்றால் யாரும் வர மாட்டார்கள், அது உண்மை. நாங்கள் திட்டத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. அடுத்தவர் துறையின் பகுதியைச் சரியாக விளக்கச் சொல்லி அதற்குப் போடுகிறோம். பிசியோ மாணவர் மருந்தைப் பற்றியும், மருத்துவ மாணவர் படுக்கைப் புண் தடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பை நடத்துவதும் இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்துதான். மருத்துவப் பேராசிரியர் நர்சிங் ஆசிரியையின் பேச்சை நடுவில் வெட்டினால் அந்த வகுப்பு அத்தோடு முடிந்தது. மாணவர்கள் கவனிப்பது அதைத்தான்.

தொடங்க நினைக்கும் கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. முதலில் நர்சிங் கல்லூரியின் டைம்டேபிளை வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே நெருக்கமானது அதுதான். அதில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மற்றவர்களை நகர்த்தப் பாருங்கள். மாற்றிச் செய்தால் ஒரு செமஸ்டர் முழுக்கக் கூட்டம் மட்டும்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.