மீள்திறன்: 'ரெசிலியன்ஸ்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

தொழில் தலைமை பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் இன்று 'ரெசிலியன்ஸ்' என்ற சொல் வந்துவிடுகிறது. அதைத் தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். இயந்திர மொழிபெயர்ப்புகளில் இதற்குப் 'பின்னடைவு' என்று போட்டிருப்பதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். 'தலைவர்கள் பின்னடைவை வளர்த்துக்கொள்ள வேண்டும்' என்று படிப்பவருக்கு என்ன புரியும்? பின்னடைவு நமக்கு நேர்வது. நேர்ந்தபின் எழ வைப்பது எதுவோ அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போனாலும், கடன் நெருக்கினாலும், தான் எடுத்த முடிவே தவறாகிப்போனாலும் நிலைகுலையாமல் யோசித்து அடுத்த அடியை வைக்கும் ஆற்றல் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். அடியே படாதவர் என்பது இதன் பொருள் அல்ல.

சொல்லின் வேர் லத்தீன். 'ரெ' என்றால் பின்னோக்கி, 'சலீரே' என்றால் குதித்தல். சேர்ந்தால் 'ரெசிலீரே', அதாவது துள்ளித் திரும்புதல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இதை எதிரொலியைப் பற்றி எழுதும்போது கையாண்டார். 1807இல் வெளியான தன் விரிவுரைத் தொகுப்பில் ஆங்கில இயற்பியலாளர் தாமஸ் யங் இதைப் பொருள்களின் வலிமையோடு இணைத்தார். பள்ளி இயற்பியலில் படித்த 'யங் குணகம்' இவர் பெயரால் அமைந்ததுதான். பொறியியலில் இச்சொல்லின் பொருள் இன்றும் கறாரானது: மீட்சி எல்லைக்குள் ஒரு பொருள் உள்வாங்கி, சுமையை எடுத்ததும் திருப்பித் தரும் ஆற்றல். எல்லையைத் தாண்டி வளைத்த எஃகு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. தலைவர்கள் எதையும் தாங்க வேண்டும் என்று பேசுபவர்கள் இந்த எல்லையை மறந்துவிடுகிறார்கள். ஓய்வும் உறக்கமும் பொறுப்பைப் பகிர்வதும் அந்த எல்லைக்குள் இருப்பதற்கான வழிகள். அவற்றைப் பலவீனம் என்று பார்க்கக் கூடாது.

உளவியலில் இக்கருத்து வேரூன்ற உதவியவர்களில் அமெரிக்க உளவியலாளர் எம்மி வெர்னர் முக்கியமானவர். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளை அவரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, உறுதுணையாக நின்ற ஒரு பெரியவராவது இருந்தது. தனியாள் வீரம் என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனித் தமிழ்ச் சொற்கள். 'நெகிழ்வுத்தன்மை' வளைவதைச் சொல்கிறது, திரும்புவதைச் சொல்லவில்லை. 'சகிப்புத்தன்மை', 'தாங்குதிறன்' இரண்டும் பொறுத்துக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. 'விடாமுயற்சி' அடி விழாதபோதும் இருக்கும். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'மீள்திறன்'.

காரணம் 'மீள்' என்ற வேரிலேயே இருக்கிறது. மீள்தல் என்றால் திரும்புதல்; விடுபடுதலும் அதுதான். நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார் என்கிறோம். லத்தீன் சொல்லில் துள்ளித் திரும்புவது மட்டும்தான் உண்டு. தமிழிலோ இதற்குப் பிறவினையும் இருக்கிறது: மீட்டல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைக் கரந்தை என்று புறத்திணையில் வகுத்தார்கள். தான் மீள்வதும் பிறரை மீட்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. தொழில் தலைவருக்கு இவ்விரண்டும் வேண்டும். தான் மட்டும் மீண்டு, கூட இருப்பவர்களை நட்டாற்றில் விட்டவரை மீள்திறன் உள்ள தலைவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீள்வது என்றால் பழைய இடத்துக்கே போவதும் அல்ல. 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்துவைத்த டைலனால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளை உட்கொண்டு 7 பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், ஜேம்ஸ் பர்க் தலைமையில், ஏறக்குறைய 3.1 கோடிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களில் டைலனால் மறுபடி கடைக்கு வந்தபோது, யாராவது திறந்திருந்தால் தெரிந்துவிடும்படி மூன்றடுக்குக் காப்பு அதில் இருந்தது.

திருக்குறளில் இதற்குத் தனி அதிகாரமே உண்டு: இடுக்கண் அழியாமை. அரசனுக்குரிய பண்புகளைச் சொல்லும் அரசியல் பகுதியின் 25 அதிகாரங்களில் கடைசியாக வைக்கப்பட்டது அது. 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற / இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து' என்கிறது 624ஆம் குறள். தடைப்படும் இடத்திலெல்லாம் வண்டியை இழுத்துக் கடக்கும் எருதைப் போன்றவனுக்கு வந்த துன்பம், தானே துன்பப்படும். எருது தான் மட்டும் சேற்றிலிருந்து கால் எடுத்துப் போவதில்லை. வண்டியும் பாரமும் அதோடு வருகின்றன. மீள்தலும் மீட்டலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வழக்கில், பண்பைக் குறிக்க மீள்திறன், ஆளைக் குறிக்க மீள்திறன் மிக்கவர், செயலைக் குறிக்க மீண்டெழுதல் என்று எழுதலாம். இயற்பியலில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட 'மீட்சி' அங்கேயே இருக்கட்டும்.