தண்ணீரும் ஒரு ரெசிஸ்டர்தான்: மாடித் தொட்டி அலாரம்

மாடித் தொட்டி நிரம்பியதும் கத்துகிற அலாரத்துக்கு ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் (சிறு மின்னோட்டத்தைப் பெருக்கும் பாகம்), 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைத் தடுக்கும் பாகம்) ஒவ்வொன்று, 9 வோல்ட் பேட்டரி, ஒலி எழுப்ப ஒரு பஸ்சர், தண்ணீரைத் தொட இரண்டு கம்பிகள் போதும். ஆனால் அந்த 10 கிலோ ஓமை விட்டுவிட்டால், கும்பகோணத்து நல்ல தண்ணீரில் ஒழுங்காக ஓடும் சர்க்யூட், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரில் டிரான்சிஸ்டருக்கு ஆபத்தாகலாம். ஏனென்றால் தண்ணீரும் இதில் ஒரு ரெசிஸ்டர். மற்ற ரெசிஸ்டர்களைப் போல அதன்மேல் மதிப்பைச் சொல்லும் நிறக்கோடு கிடையாது. ஊருக்கு ஊர் மதிப்பு மாறும்.

பிசி547-இன் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரியின் பிளஸ், தொட்டிக்குள் நிற்கும் இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கும் பஸ்சரின் பிளஸ்ஸுக்கும் போகட்டும். பஸ்சரின் மைனஸ் கலெக்டருக்கு. எமிட்டர் பேட்டரி மைனஸுக்கு. இரண்டாவது கம்பி 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 100 கிலோ ஓம்.

கம்பிகளுக்கு இடையே தண்ணீர் 50 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸில் 0.7 வோல்ட் போக மீதி 8.3 வோல்ட், 60 கிலோ ஓமில் சுமார் 138 மைக்ரோ ஆம்பியரைத் தள்ளும். அதில் 7 மைக்ரோ 100 கிலோ ஓமில் போய்விடும். பேஸில் நுழையும் மிச்சம் டிரான்சிஸ்டரில் 200 மடங்கு பெருகினால் 26 மில்லி ஆம்பியர். 15 மில்லி கேட்கும் பஸ்சருக்குத் தாராளம்.

உப்பேறிய தண்ணீர் சில நூறு ஓம்தான் காட்டும். அங்கே 10 கிலோ ஓமை விட்டுவிட்டால் பேஸில் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். அது இருந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினாலும் 0.83 மில்லியைத் தாண்டாது. தயவுசெய்து இதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

100 கிலோ ஓமின் அருமை ஐப்பசி மழையில் தெரியும். தொட்டி மூடியில் படியும் ஈரப்பசை 2 மெகா ஓம் இருந்தாலே பேஸுக்கு 4 மைக்ரோ கசியும். 100 கிலோ ஓம் இல்லாவிட்டால் பஸ்சர் ஈனமாக முனகும். 100 கிலோ ஓம் இருந்தால் 6 மைக்ரோவுக்குக் குறைந்த கசிவு முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும், டிரான்சிஸ்டர் திறக்காது.

உங்கள் ஊர்த் தண்ணீரை முதலில் அளந்துவிடுங்கள். மல்டிமீட்டரின் ஓம் நிலை உதவாது: கம்பி முனைகளில் அயனிகள் குவிவதால் எண் நிற்காமல் ஏறும். 9 வோல்ட் பேட்டரியோடு 10 கிலோ ஓமையும் தண்ணீரில் நிற்கும் கம்பிகளையும் வரிசையாக இணைத்து, கம்பிகளுக்கு இடையே வோல்ட் பாருங்கள். 7.5 வந்தால் தண்ணீர் 50 கிலோ ஓம். 1 வோல்ட்தான் வந்தால் 1.25 கிலோ ஓம். 100 கிலோ ஓமைத் தாண்டினால் கம்பிகளை நெருக்கி வையுங்கள்.

இனி கம்பி. செம்புக் கம்பியைப் போட்டால் பிளஸ் முனை கரைந்து பச்சையாகப் பொருக்குக் கட்டும். கடின நீரில் மைனஸ் முனையில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். உப்பு கூடினால் அரிப்பும் கூடும். எவர்சில்வர் கம்பி நெடுநாள் தாங்கும். நிரம்பியதை மட்டும் அறிய ஒரு கம்பியை அடிவரை இறக்கத் தேவையில்லை. இரண்டையும் நிரம்பும் மட்டத்திலேயே 2 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் பெரும்பாலான நேரம் உலர்ந்தே இருக்கும். மோட்டார் ஓடும்போது மட்டும் அலாரத்தை ஆன் செய்யுங்கள். எவர்சில்வரும் செம்பு ஒயரும் சேரும் இடம் தண்ணீர் படாத உயரத்தில், எம்-சீல் பூசி மூடியிருக்க வேண்டும். நனைந்தால் முதலில் அறுவது அந்த இணைப்புதான்.