ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் தளர்ந்துகொண்டே போகிறது

"எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டோம் டாக்டர், எல்லாமே நார்மல். ஆனா அம்மா ஒரு வருஷமா தளர்ந்துக்கிட்டே போறாங்க." முதியோர் மருத்துவம் பார்க்கிறவர்கள் இதைக் கேட்காத வாரம் இருக்காது. பத்துப் பக்க ரிப்போர்ட்டில் எதுவுமே தடித்த எழுத்தில் அச்சாகியிருக்காது. 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். எனக்கு வருத்தம் தருவது அந்த 'அவ்வளவுதான்'. உடல் நலிவு, அதாவது ஃப்ரெயில்டி, மருத்துவத்தில் தனியாக அளந்து பார்க்கிற ஒரு நிலை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பலருக்கு ஓரளவு மீட்கவும் முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை எடுத்து 'இவருக்கு நலிவு இருக்கிறது' என்று சொல்லிவிடும் பரிசோதனை கிடையாது. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடின் குழுவினர் 2001-ல் வகுத்த ஐந்து அடையாளங்கள்தான் இன்றும் பெரிதும் பயன்படுகின்றன: முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைவது, தீராத அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

நான் வழக்கமாக நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். ஆசியர்களுக்கான 2019 வழிகாட்டுதல்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் செயல்திறன் குறைவு. நேரத்தைவிட எழுந்திருக்கும் விதம்தான் எனக்கு அதிகம் சொல்லும். முதல் முறை நேராக எழுவார். மூன்றாவது முறை உடம்பை முன்னால் வீசி எழுவார். நான்காவதில், கட்டியிருந்த கை தானாகவே பிரிந்து தொடையில் ஊன்றும்.

அப்படியானால் ரத்தம் எதற்கு? ஏன் நலிகிறது, அதில் எதைச் சரிசெய்யலாம் என்பதைப் பார்ப்பதற்கு. வயதாக ஆக உடம்பில் ஒரு மெல்லிய அழற்சி, காய்ச்சலோ வீக்கமோ காட்டாமல், தங்கிவிடுகிறது. இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிராஞ்செஸ்கி 2000-ல் இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். இதன் முக்கியத் தூதுவன் இன்டர்லூகின்-6 என்ற புரதம். நலிவுற்றவர்களிடம் இது கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது கல்லீரலைத் தூண்டி, அழற்சியின் அடையாளமான சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் கூட்டுவதால், உடம்பில் இரும்புச்சத்து இருந்தாலும் ரத்தம் ஊற அது கிடைப்பதில்லை, ஹீமோகுளோபின் இறங்கும். அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் உற்பத்தியும் குறையும். ஆக, ரிப்போர்ட்டில் மூன்று வேறு பக்கங்களில் இருக்கும் மூன்று எண்கள் ஒரே சங்கதியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் எல்லைக்குள்ளேயே இருக்கும்.

அதனால்தான் பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவாருங்கள் என்று நச்சரிக்கிறேன். ஓர் ஆணுக்கு ஹீமோகுளோபின் மூன்று வருடங்களில் 14.8, 14.0, 13.2 என்று இறங்கியிருக்கிறது, அல்புமின் 4.3-லிருந்து 3.7-க்கு வந்திருக்கிறது, எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தின் கணக்கில் எல்லாம் நார்மல். என் கணக்கில் இவரை உடனே உட்காரவைத்துப் பேச வேண்டும்.

ஹீமோகுளோபினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் எல்லைப்படி டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. 'பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்' என்று சொல்லி, எழுபது வயது அம்மாவின் 10.8-ஐ யாரும் கண்டுகொள்வதில்லை. மாதவிடாய் நின்று இருபது வருடம் ஆனவருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், முதியவர்களின் ரத்தசோகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சத்துக்குறைவாலும், மூன்றில் ஒரு பங்கு நாள்பட்ட அழற்சி, சிறுநீரக நோயாலும் வந்தது. மீதிக்குக் காரணம் பிடிபடவில்லை. எனவே எடுத்த எடுப்பில் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவது சரியான வழி அல்ல. உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பார்க்கலாம். ஆனால் அழற்சி இருந்தால் அதுவே பொய்யாக உயர்ந்து நிற்கும். நிஜமாகவே இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தால், ஆணோ மாதவிடாய் நின்ற பெண்ணோ, குடலில் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று தேடியே ஆக வேண்டும். சர்க்கரை நோய்க்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12-ஐயும் பார்க்கச் சொல்வேன். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும்.

அடுத்தது சிறுநீரகத்தின் வேலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின். இது கூடினால் எல்லாரும் பயப்படுகிறார்கள், குறைந்தால் சந்தோஷப்படுகிறார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த உடம்பில் அது குறைவாகத்தான் இருக்கும். 42 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 0.7 என்று வந்தால், சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று அர்த்தமாகிவிடாது. கொடுக்கத் தசை இல்லாமலும் இருக்கலாம். கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டு வேகமும் அப்போது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இதயத்துக்கான டிகாக்சின் போன்றவற்றை முழு அளவில் கொடுத்தால் ஆபத்து. இந்த மாதிரி உடல்வாகு உள்ளவர்களுக்கு சிறுநீரகத்தை அளக்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின்-சி நல்ல துணை. அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்து, தைராய்டு கோளாறு, அழற்சி, பருமன் போன்றவை அதையும் கொஞ்சம் மாற்றும். சிஸ்டாட்டின்-சி கூடியிருப்பதற்கும் நலிவுக்கும் தொடர்பு இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

சி.ஆர்.பி.யைச் சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுத்துவிட்டு நலிவைப் பற்றிப் பேச முடியாது. எல்லாம் அடங்கிச் சில வாரம் கழித்து எடுங்கள். இன்டர்லூகின்-6 ஆராய்ச்சிக்கு நல்லது. நலிவுக்காகத் தனியாகப் பணம் செலவழித்துப் பார்க்கத் தேவையில்லை.

ஆண், பெண் வேறுபாடு இந்த எல்லைக்கோடுகளோடு முடிவதில்லை. நலிவு பெண்களிடம் அதிகம். ஆனால் அதே அளவு நலிவில் ஆண்கள்தான் சீக்கிரம் இறக்கிறார்கள். பெண்கள் ஆரம்பத்திலேயே குறைவான தசையோடுதான் முதுமைக்குள் நுழைகிறார்கள். அதனால்தான் கைப்பிடி வலுவின் ஆசிய எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. பெண்களின் உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகம், கொழுப்புத் திசுவும் இன்டர்லூகின்-6 சுரக்கும். எனவே பருமனான ஒரு பெண்ணின் சி.ஆர்.பி.யையும் ஒல்லியான ஆணின் சி.ஆர்.பி.யையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது. இன்னொன்று: பருமனாக இருப்பதால் அவருக்கு நலிவு இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. கொழுப்புக்கு அடியில் தசை கரைந்திருப்பதை எடை இயந்திரம் காட்டாது.

ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைவுக்கும் நலிவுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. 65 வயதைத் தாண்டிய ஆண்களிடம் நடந்த, 2016-ல் வெளியான ஆய்வுகளில், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தும் நடைத்திறனில் பெரிய மாற்றம் வரவில்லை. வைட்டமின்-டி கதையும் இதேதான். நலிவுற்றவர்களிடம் அது குறைவாக இருக்கிறது. வெளியே நடமாடாதவர்கள் மேல் வெயில் எங்கே படும்? குறைபாடு இருந்தால் கட்டாயம் நிரப்ப வேண்டும். ஆனால் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தவணையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த, 2010-ல் வெளியான ஆய்வில், விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடிவிட்டன. ஆகவே பெரிய டோஸைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

எண்களைத் துரத்துவதைவிடத் தசைக்கு வேலை கொடுப்பதற்கே வலுவான சான்று இருக்கிறது. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான 'லைஃப்' ஆய்வில், நடை, வலுவூட்டும் பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகியவற்றை முறையாகச் செய்தவர்களில், 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் குறைவு. கூடவே புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும்.

அடுத்த தடவை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது, புது டெஸ்ட் எதற்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், நாலைந்து வருடத்துப் பழைய ரிப்போர்ட்டுகளை வருட வரிசையில் அடுக்குங்கள். எடை எப்போது எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். பிறகு, ஒருமுறை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.