பாட்டி எதிரே இருக்கும்போது ஃபோன் எதற்கு?

போன வாரமும் ஒரு பையன் வந்தான். காவேரிப்பட்டணம் பக்கம், பிளஸ் டூ முடித்தவன். கூடவே அப்பா. பையன் வரைந்த படங்கள் இருந்த ஃபைலைத் திறந்தால் இரண்டு நடிகர்கள், அப்துல் கலாம், சுருக்கம் விழுந்த ஒரு கிழவர் முகம். இமை முடியை எண்ணிவிடலாம், அப்படி ஒரு வேலைப்பாடு. "அச்சு அசலா வரைவான் சார். ஓவியக் கல்லூரி செய்முறைத் தேர்வுலதான் கோட்டை விட்டுட்டான்" என்றார் அப்பா.

என்னப்பா நடந்தது என்று பையனைக் கேட்டேன். ஒரு பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து முழு உருவம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவன் கண்ணில் ஆரம்பித்திருக்கிறான். முகம் முடிய முக்கால் மணி நேரம். அப்புறம் பார்த்தால் தாளில் முழங்காலுக்குக் கீழே இடமே இல்லை.

இந்த வருஷம் எனக்கு இது நான்காவது ஃபைல். நான்கு பேருக்கும் கை நன்றாக ஓடுகிறது. நான்கு பேருமே ஃபோனில் ஃபோட்டோவைப் பார்த்தே வரைந்தவர்கள், எதிரில் ஒரு ஆளை உட்கார வைத்து ஒரு நாள்கூட வரைந்ததில்லை. கிருஷ்ணகிரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் என்பதால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

ஃபோட்டோவைப் பார்த்து அப்படியே போட வந்துவிட்டால் ஆளைப் பார்த்தும் போட வந்துவிடும் என்று பெற்றோரும் பிள்ளைகளும் நம்புகிறார்கள். வராது. எதிரில் இருப்பவர் உருண்டு திரண்டு இருக்கிறார், தாள் தட்டையாக இருக்கிறது. அவரைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் படிப்பே. எது முன்னால் வருகிறது, எது பின்னால் ஒளிகிறது, எதை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு கோட்டிலும் நாம் முடிவெடுக்க வேண்டும். ஃபோட்டோவில் அந்த வேலையைக் கேமரா முடித்துவிட்டது. நமக்கு மிஞ்சுவது நகலெடுப்பு. அதிலும் ஃபோட்டோவிலும் தாளிலும் கட்டம் போட்டுவிட்டால், கட்டத்துக்குள் இருப்பது மூக்கா முட்டியா என்று தெரியாமலேயே முடித்துவிடலாம். அடுத்தவன் போட்ட கணக்கின் விடையை முத்து முத்தான கையெழுத்தில் எழுதுகிற மாதிரி.

ஃபோட்டோவே முழு உண்மையும் இல்லை. கை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது உள்ளே போயிருக்கும். தாடைக்கு அடியில் நிழல் கருப்பாக அடைந்துபோய், கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அதையும் பிள்ளைகள் பக்தியோடு நகலெடுத்து, டிஷ்யூ பேப்பரால் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிடுகிறார்கள். கட்டம் போடுவது பாவம் என்று சொல்ல வரவில்லை. சுவர் விளம்பரம் எழுதிய காலத்தில் நானும் கட்டம் போட்டவன்தான். பத்தடிச் சுவரில் ஒரு முகத்தை ஏற்ற அது நல்ல வழி. பெரிதாக்கத்தான் உதவும், பார்க்கக் கற்றுத்தராது.

பையனிடம், நாளைக்கு உன் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். வந்தார். நாற்காலியில் பையனுக்கு நேர் எதிரே உட்கார வைத்தோம். தலை, தோள் வரை பரவாயில்லை. தொடைக்கு வந்ததும் இரண்டு தலை நீளத்துக்கு இழுத்தான். ஏன் என்றால், "தொடை அவ்ளோ நீளம் இருக்குமே சார்" என்றான். பென்சிலை நீட்டிப் பிடி, முழங்கையை மடக்காதே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார் என்றேன். இடுப்பு மடிப்பிலிருந்து முட்டி வரை அரைத் தலைக்குமேல் வரவில்லை. நம்பாமல் மூன்று தடவை அளந்தான். முட்டி அவனைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, தொடை அதற்குப் பின்னால் சுருங்கிவிட்டது. "என்னடா, குச்சியை வச்சிக் குறி பாக்கற?" என்று பாட்டிக்கு ஒரே சிரிப்பு. தெரிந்ததை வரைகிற பையன், தெரிகிறதை வரைந்த முதல் கோடு அதுதான்.

ஆளின் உயரம் எட்டுத் தலை நீளம் என்ற கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். சராசரி ஆளுக்கு ஏறக்குறைய 7½ தலைதான். எட்டு என்பது ஆளை எடுப்பாகக் காட்டும் கணக்கு. நம் சிற்ப நூல்களில் உத்தம தசதாலம் என்ற அளவு, சிலையின் உயரத்தை 124 அங்குலமாக, அதாவது 124 சம பங்காகப் பிரிக்கிறது என்றால் அது தெய்வத் திருமேனிக்கு. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் கூடைமேல் குனிந்து தக்காளி பொறுக்குகிறவரிடம் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்பே நான்கு தலைதான். தலையைச் சின்னதாகப் போட்டால் குட்டிக் கிழவன் ஆகிவிடும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நில்லுங்கள். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிறவரைப் பாருங்கள். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியிருக்கும், அதே பக்கத்துத் தோள் இறங்கியிருக்கும். தொண்டைக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் பாரம் தாங்கும் பாதத்தின் பக்கம் வந்து விழும். (கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.) இது சரியாக விழுந்தால் கண் மூக்கு இல்லாமலே உருவம் நிற்கும். தப்பினால் எத்தனை இமை முடி போட்டாலும் ஆள் சாய்ந்துதான் விழுவார்.

ஆளை வைத்து வரைவது என்றதும் சில அப்பா அம்மாக்கள் முகம் மாறுகிறது. பயப்படாதீர்கள், யாரும் உடையைக் களைய வேண்டாம். வேட்டி கட்டிய தாத்தா போதும். முதுகு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்க்கிறவர்களைப் பாருங்கள். கை அழுத்தும்போது தோள்பட்டை எலும்பு முதுகில் நகர்வது வெறுங்கண்ணுக்கே தெரியும். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் உயிருள்ள ஆட்களை நிறுத்தி வைத்துத்தான் செய்தார்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் உச்சந்தலைக்கும் பாதத்துக்கும் தாளில் இரண்டு கோடு போட்டுவிட்டு அதற்குள் வரையுங்கள். ஒரு உருவத்துக்கு இரண்டே நிமிஷம், ஒரு நாளைக்குப் பத்து. ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அட்டையை மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் உருவத்தின் மேல்பக்கம் நீண்டுபோகும். முழு உருவம் என்றால் பத்தடியாவது தள்ளி உட்காருங்கள்.

வெளியே வரையும்போது கேட்டுவிட்டு வரையுங்கள். பெண்களை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஓவியம் பழகறேன்" என்று சமாளிக்காதீர்கள். அடி விழுந்தால் நான் வரமாட்டேன். ஒத்துக்கொண்டு உட்காருகிறவரைச் சிலையாக்காதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். எழும் முன்பே பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தால் திரும்ப அதே இடத்தில் வந்து உட்காரலாம். வயதானவர்களுக்குக் கால் மரத்துப்போகும், சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுங்கள், டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு நாள் உள்ளே போய்ப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஃபோனைப் பார்த்துக் குனிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். என்னிடம் வருவதானால் நடிகர் ஃபைல் வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்களைப் பார்த்து வரைந்த இருபது தாள் கொண்டுவாருங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, பாதம் மட்டும் தாளுக்குள் இருக்கட்டும்.