மியாகன் என்றால் பாரம் அல்ல, எடை

ஐரிஷ் மொழியில் ஒருவரிடம் எடையைக் கேட்க 'கேன் மியாகன் அத்தா உனத்' என்பார்கள். இதை 'உனக்குள் என்ன பாரம் இருக்கிறது?' என்று தமிழாக்குவதை இனியும் பொறுக்க முடியவில்லை. கேட்டது உடம்பின் எடையை. தமிழில் படிப்பவரோ மனசில் என்ன துயரமோ என்று பதறுவார்.

மியாகன் ஆண்பால் பெயர்ச்சொல். அதிலுள்ள ககரம் 'அகம்' என்பதில் வருவது போல ஒலிக்கும். தராசைக் குறிக்கும் 'மியா' அதன் அடிச்சொல். ஆறாம் வேற்றுமையில் (எடையின், எடையுடைய என்னும் பொருளில்) கடைசி னகரம் ஞகரத்தின் பக்கம் மெலியும், எழுத்தில் ஓர் இகரம் நுழையும். 'எடை இழப்பு' என்பதில் வருவது இந்த வடிவம்தான். 'பத்துக் கல் எடை' என்பதிலும் அதுவே. அங்கே ஒரு கல் 14 பவுண்டு. பளுதூக்குதலில் மட்டும் அதே வேற்றுமையின் பன்மை வரும், அது மாறாமல் மியாகன் என்றே நிற்கும்.

சரி, பாரத்துக்கு வருவோம். அது வடசொல் என்பது என் முதல் குறை அல்ல. சுமக்கிற பொருளுக்கு ஐரிஷில் 'உவலக்' என்று தனிச்சொல் இருக்கிறது. பாரம், சுமை எல்லாம் அதற்குத்தான் பொருந்தும். கனமான என்பதற்கு 'த்ரோம்' உண்டு. பாரத்தின் வேரோடு உறவுள்ள ஐரிஷ் சொல்லும் இருக்கிறது: சுமத்தலைக் குறிக்கும் 'பெர்'. மியாகன் அந்தக் குடும்பமே இல்லை. தராசிலிருந்து பிறந்த சொல்லைத் தலைச்சுமையாக்குவது வெறும் அசட்டை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

'நிறை' என்று போடுவோரும் உண்டு. நிறு என்பதிலிருந்து வந்த அருமையான பழஞ்சொல். தொல்காப்பியமே அளவுப்பெயர், நிறைப்பெயர் என்று பேசுகிறது. தராசோடு உறவும் நெருக்கம். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை வேறு, எடை வேறு. புவியீர்ப்பு குறைந்தால் குறைவது எடை; நிறை குறையாது. இலங்கைப் பாடநூலிலோ குறைவதுதான் நிறை, குறையாதது திணிவு. ஐரிஷில் இந்தக் குழப்பமே கிடையாது: குறைவது மியாகன், குறையாதது 'மஷ்'. நிறை என்று எழுதினால் இரண்டு கரையில் ஒரு கரையாவது தவறாகப் படிக்கும். எடை என்றால் கடைக்காரர் முதல் இயற்பியல் ஆசிரியர் வரை யாருக்கும் புரியும். அந்தக் கேள்வியையும் 'உன் எடை எவ்வளவு?' என்றே எழுதுங்கள். 'உள்ளே' என்பது ஐரிஷ் இலக்கணத்தின் தேவை, தமிழுக்கு அது வேண்டாம்.